மொறிஸ் மைனரின் கறளும் தகடும்: வீட்டு முற்றத்தில் ஒரு பழைய காரைத் திருத்துதல்

பழைய கார் ஒன்றைத் திருத்தப் போகிறோம் என்று சொன்னால் ஊரில் வரும் முதல் கேள்வி, என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்பதுதான். அடுத்தது, எவ்வளவு காசு முடியும் என்பது. காருக்குக் கீழே என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மொறிஸ் மைனரைப் பொறுத்தவரையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும்.

வன்னியில் இன்னமும் மாட்டுக் கொட்டில்களுக்குப் பக்கத்திலும் வேலிக் கரைகளிலும் மைனர்களும் ஒஸ்ரின் ஏ-40களும் கேம்பிரிட்ஜ்களும் நிற்பதைக் காணலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இவற்றுக்கு ஒரு மதிப்பு வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கான தடை தளர்த்தப்பட்டபோதும் புதுக் கார் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. பழைய காரை வாங்கியவர்களில் சிலர் பொறுமையாகத் திருத்துகிறார்கள். வேறு சிலர் ஓட்டைகளுக்கு மேல் பட்டியைப் பூசி, மினுக்கி, கல்யாணக் காராக வாடகைக்கு விடுகிறார்கள். பின் இருக்கையில் மணமக்கள் இருக்க, அடித்தகடு எந்த நிலையில் இருக்கிறது என்பது சாரதிக்கும் தெரியாது. இதை எழுத அதுதான் காரணம்.

நான் திருத்தியது என் பெரியப்பாவின் மைனர் 1000. 1958இல் பதிவானது. 2008இன் கடைசியில் இடம்பெயர்ந்தபோது உருத்திரபுரத்தில் ஒரு கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். 2010இல் திரும்பி வந்தபோது எஞ்சின், சில்லுகள், இருக்கைகள், கண்ணாடிகள் எதுவும் இல்லை. கொட்டிலுக்குக் கூரையும் இல்லை. தகட்டுக்கூடு மட்டும் நின்றது. அதைத் திருத்த எனக்கு நான்கு கோடைகள் பிடித்தன. பரந்தனில் ரிங்கரிங் தொழில் செய்து ஓய்ந்த ஓர் ஐயா அவ்வப்போது வந்து வழி சொன்னார். காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து அவர் முதல் நாள் சொன்னது இதுதான்: "தம்பி, நிண்டு பாக்காதையும். படுத்துப் பாரும்."

உடலே சட்டம்

ஒஸ்ரின் ஏ-40 டெவன், சமர்செற் போன்ற கார்களுக்குக் கீழே தனியான இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. மேலுள்ள உடல் கறள் பிடித்து உதிர்ந்தாலும் சட்டம் காரைத் தாங்கும். யாழ்ப்பாணத்தில் ஏ-40 வாடகைக் கார்கள் அவ்வளவு காலம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். மைனர் அப்படியானதல்ல. அலெக் இசிகொனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரில் தனிச் சட்டம் கிடையாது. தரை, பக்கச் சில், குறுக்குத் தகடு, முன் கால்கள் எல்லாம் மெல்லிய தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாக ஒட்டிச் செய்தவை. அந்தப் பெட்டிகள்தான் காரைத் தாங்குகின்றன. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் இந்த முறையில் செய்யப்பட்டன.

முன் இருக்கைகளுக்குக் கீழே, இடமிருந்து வலமாக ஒரு குறுக்குத் தகட்டுப் பெட்டி ஓடுகிறது. ஜாக் போடும் இடங்கள் அதன் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, முன் சில்லுகளுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரொர்சன் பார் எனப்படும் நீண்ட முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் இதிலேயே பூட்டப்பட்டுள்ளன. முன்பக்கத்தின் பாரம் முழுவதும் கம்பியை முறுக்கி, அந்த முறுக்கு இந்தப் பெட்டியில் வந்து நிற்கிறது. பெட்டி இற்றுப்போனால் கம்பி தகட்டைக் கிழித்துக்கொண்டு சுழலும், காரின் மூக்கு ஒரு பக்கம் விழும். ஏ-9 வீதியில் வேகமாகப் போகும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சாரதியின் காலடியும் அப்படித்தான். பிரேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் தரைக்குக் கீழே, வலப்பக்கச் சட்டக் காலுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. மிதிபடியைச் சுற்றித் தகடு தளர்ந்தால் பிரேக்கை மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதி தகட்டை வளைப்பதில் போய்விடும். பின்புறத்தில் வில்லுத்தட்டுகளின் முன்முனை பூட்டும் இடம் இற்றால் வில்லு தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். இந்த மூன்று இடங்களிலும் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கதவில் உள்ள ஓட்டைதான் தெரியும். அந்த ஓட்டையால் ஆபத்து எதுவும் கிடையாது.

படுத்துப் பார்த்தல்

காரைத் தூக்கி, நான்கு பக்கமும் உறுதியான குற்றி வைக்க வேண்டும். நான் பாலைக் குற்றிகள் வைத்தேன். முதிரையும் தாங்கும். பனங்குற்றி உருளும், சீமெந்துக் கல் வெடிக்கும், இரண்டையும் தவிர்க்கலாம். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது.

பிறகு ஒரு பழைய ஸ்குரூ டிரைவரும் சிறு சுத்தியலும் போதும். நல்ல தகடு தட்டினால் கணீரென்று கேட்கும். பல அடுக்குப் பூச்சுக்குக் கீழே தகடு இல்லாத இடம் மொத்தென்று கேட்கும். ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே போகும். போனால் வருத்தப்படக்கூடாது, ஏற்கனவே இருந்த ஓட்டையைத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை உடல் முழுக்க ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காமல் விழும்.

பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது, சொன்னதுபோல் குறுக்குப் பெட்டியின் முனைகள். அடுத்து கதவுகளுக்குக் கீழே ஓடும் சில்கள், முன் கால்களில் கீழ்க் கைகள் பூட்டும் பகுதி, தரையின் ஓரங்கள், பின் வில்லின் தாங்கிகள், டிக்கியின் தரை. மட்காட்டுகளின் கீழ்ப்பகுதியும் கதவின் அடியும் கடைசியாக. 1961 வரை வந்த மைனர்களில் கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் இருந்து வெளியே நீளும் கைகாட்டி விளக்கு உண்டு. அந்தத் துவாரத்தால் மழைநீர் தூணுக்குள் இறங்கிச் சில்லுக்குள் தேங்கும். அங்கே எப்போதும் கறள் இருக்கும்.

வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஜாக் போடும் இடத்தில் ஜாக்கைப் போட்டுச் சற்றுத் தூக்கியபடி கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினாலோ இடைவெளி மாறினாலோ காரின் நடுப்பகுதி வளைகிறது என்று பொருள். ஜாக் மேலே போகும்போது கார் போகாமல் தகடு மட்டும் நசிந்தால் அங்கேயே பேரத்தை நிறுத்திவிடலாம்.

ஒரு விசித்திரம்: பல மைனர்களில் முன்பகுதி, பின்பகுதியைவிட நன்றாக இருக்கும். எஞ்சினும் கியர் பெட்டியும் ஆண்டுக்கணக்காகக் கசியவிட்ட ஒயில், அடித்தகட்டில் புழுதியோடு சேர்ந்து படிந்து கறளைத் தடுத்திருக்கும். கசிவைக் குறை சொல்லியே பெரியப்பா காலத்தைக் கழித்தார். தகட்டைக் காப்பாற்றியது அதுதான்.

தடைக்காலத்து ஒட்டுகள்

எங்கள் காரின் இடப்பக்கச் சில்லைச் சுரண்டியபோது மேலே தார், அதன் கீழே பட்டி, அதன் கீழே பித்தளை ஒட்டுப் போட்ட ஒரு தகடு, அதற்கும் கீழே மூலத் தகட்டின் மிச்சம் என்று வந்தது. பித்தளை ஒட்டிய தகடு எண்ணெய்ப் பரலை வெட்டி எடுத்தது. பரலின் நீலப் பெயின்ற் உட்புறத்தில் அப்படியே இருந்தது.

இதைக் கண்டு சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. 1990இல் தொடங்கி 2002இன் போர்நிறுத்தம் வரை நீடித்த பொருளாதாரத் தடையின் கீழ் இரும்பு, சீமெந்து, பற்றறி, பெற்றோல் எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. அழுத்த விகிதம் குறைந்த பழைய பிரித்தானிய எஞ்சின்களால் அது முடிந்தது. அதனாலேயே புதிய யப்பானியக் கார்களைவிட மைனருக்கும் ஏ-40க்கும் மதிப்பு இருந்தது. அந்தக் காலத்து ரிங்கர் ஒருவர் பரல் தகட்டைச் சில்லாக மடித்திருக்கிறார் என்றால் அது நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இன்னும் ஒரு வருடம் கார் ஓட வேண்டும் என்பதற்காக. 1960களுக்குப் பிறகு அமெரிக்கத் தடையின் கீழ் கியூபாவில் பழைய கார்களை ஓடவைத்தவர்களும் இதே வகை வேலையைச் செய்தவர்கள்தான்.

அதே 1990களின் தொடக்கத்தில் நாட்டின் தென்பகுதியில் வேறொன்று நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயார், நீடித்து உழைக்கும் காரே சிக்கனமான கார் என்று வாதிட்டவர். இலங்கையர் ஒருவருடன் சேர்ந்து மைனரின் தகட்டுப் பாகங்களை இங்கே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் தொழிலை அவர் தொடங்கினார். இந்தத் தீவில் செய்த தகடுகள் இங்கிலாந்தின் மைனர்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது வன்னியில் மைனருக்குப் பரல் தகடு ஒட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் மரியாதை வேறு, பாதுகாப்பு வேறு. பித்தளை ஒட்டு பாரம் தாங்கும் இடத்தில் நிற்காது. பித்தளை படிந்த தகட்டுக்கு மேல் மின் ஒட்டும் பிடிக்காது, வெடிக்கும். பித்தளை உள்ள பகுதியை முழுவதுமாக வெட்டி எறிந்து நல்ல தகடு வரும் இடத்துக்குப் போக வேண்டும். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போடுவது நீரைச் சிறைப்பிடிக்கும் வேலை.

வெட்டுவதற்கு முன்

பொனற்றைத் திறந்தால் எஞ்சின் அறைக்கும் கார் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டில் காரின் இலக்கம் பொறித்த சிறு பட்டயம் இருக்கும். முதலில் அதைப் படம் எடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அதன் மீது கிரைண்டர் படக்கூடாது, பெயின்ற் அடிக்கக்கூடாது, கழற்றி வேறு தகட்டில் பொருத்தக்கூடாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உங்கள் கார் என்பது அந்த இலக்கம்தான். வன்னியில் ஏராளமானோர் 2009இல் பதிவுப் புத்தகத்தை இழந்தார்கள். புத்தகமும் இல்லை, பட்டயமும் அழிந்தது என்றால் உங்களிடம் இருப்பது கார் அல்ல, பழைய இரும்பு. எங்கள் புத்தகத்தைப் பெரியம்மா ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, புதுக்குடியிருப்பு, மாத்தளன், மெனிக் பாம் என்று எல்லா இடமும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். நகையைவிட அதைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

நிறத்தையோ உடலமைப்பையோ மாற்றுவதாயின் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக வருமான அனுமதிப்பத்திரம் எடுக்காத வாகனமென்றால் காசைக் கொட்டும் முன் பிரதேச செயலகத்தில் நிலுவையைக் கேட்டறிவது நல்லது.

நம்பர் பிளேற்றும் உடலின் ஒரு பகுதிதான். 1957 ஜனவரியிலிருந்து பதிவான வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக் கட்டாயமானது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1958இல் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்ரீ எழுத்தின் மேல் தார் பூசிய போராட்டம், தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார், அந்த மே மாதத்தில் வன்முறை. எங்கள் காரின் முன் பிளேற்றில் பழைய பெயின்றைச் சுரண்டியபோது அந்த எழுத்தின் மேல் மட்டும் ஒரு கறுப்புப் படை இருந்தது. தாரா, வெறும் கறுப்புப் பெயின்றா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. சட்டப்படி இலக்கம் வழங்கப்பட்டபடியே இருக்க வேண்டும் என்பதால் புதிய பிளேற் எழுதிப் பூட்டினேன். பழையது சுவரில் தொங்குகிறது.

முல்லைத்தீவுப் பக்கம் பற்றைக்குள்ளிருந்தோ மணலுக்குள்ளிருந்தோ கார் ஒன்றை இழுத்தெடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள் இன்னமும் வன்னியில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருக்கின்றன. இரும்பு பொறுக்கப் போய் வெடித்துக் காயப்பட்டவர்களின் செய்திகளை இந்தப் பகுதியில் எல்லோரும் அறிவோம். அந்த நிலம் துப்பரவாக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்காமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். சில்லுக்குள்ளோ கதவுக்குள்ளோ இனம் தெரியாத பொருள் தெரிந்தால் தொடாமல் விலகி, அறிவிக்க வேண்டும்.

தகடும் ஒட்டும்

வெல்டிங் தொடங்கும் முன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி முற்றத்துக்கு வெளியே வைக்க வேண்டும். மைனரில் அது டிக்கியின் தரையோடு இருக்கிறது. வெறுமையான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, ஆவி உள்ளே நிற்கும். தடைக்காலத்தில் ஓடிய காரென்றால் மண்ணெண்ணெய் படிந்திருக்கும். அது பெற்றோலைப்போல் சீக்கிரம் ஆவியாகிப் போகாது, சூடு பட்டால்தான் ஆவியாகும். பற்றறியையும் கழற்றி விடுங்கள். பிரேக் எண்ணெயும் தீப்பிடிக்கும், ஆகவே காலடிப் பகுதியில் வேலை செய்யும்போது மாஸ்ரர் சிலிண்டர் வெளியே இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைகள் கேற்றும் ஜன்னல் கிறில்லும் உழவு இயந்திரப் பெட்டியும் செய்பவை. அவர்கள் கையில் உள்ள ஆர்க் மெசின் தடித்த இரும்புக்கு அருமையானது. கார்த் தகட்டில் வைத்தால் துளைத்துவிடும். மைனரின் வெளித்தகடு ஏறத்தாழ 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீற்றர். தரைக்கும் சில்லுக்கும் 18 கேஜ், 1.2 மில்லிமீற்றர் போதும். 0.6 மில்லிமீற்றர்க் கம்பி போட்ட மிக் மெசின் இதற்குச் சரி. காஸ் வெல்டிங் தெரிந்த பழைய கைகள் அதாலும் செய்வார்கள், ஆனால் சூடு பரவித் தகடு அலை அலையாக நெளியும். அதைத் திரும்ப அடித்து நேராக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள்.

தடித்த தகடு போட்டால் பலமாக இருக்கும் என்று பலர் 3 மில்லிமீற்றர்த் தகட்டைச் சில்லுக்கு ஒட்டுகிறார்கள். பலன் எதிர்மாறாகத்தான் இருக்கும். மெல்லிய தகட்டோடு தடித்தது சேரும் ஓரத்தில் நெகிழ்வு முழுவதும் குவிந்து அங்கேயே வெடிக்கும். பெட்டியின் பலம் அதன் வடிவத்தில் இருக்கிறது. மூலத்தில் என்ன தடிப்பு, எத்தனை மடிப்பு இருந்ததோ அதையே திரும்பச் செய்ய வேண்டும்.

கூரைக்குப் போடும் சிங்க் பூசிய தகடு மலிவாகக் கிடைக்கும். ஒட்டும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும், மலேரியா என்று நினைக்கும் அளவுக்கு. ஒட்டும் ஓரத்தில் பூச்சை அரைத்தெடுத்து, காற்றோட்டமான இடத்தில் செய்யலாம். முடிந்தால் சாதாரணக் கறுப்புத் தகடே வாங்குங்கள்.

வேலையின் ஒழுங்கு இப்படி. காரைச் சமமாக நிறுத்துங்கள். கார் நடுவில் தொய்யாதபடி குற்றிகளை முன்னும் பின்னும் நடுவிலும் வையுங்கள். கதவுகளைக் கழற்ற வேண்டாம், அவை பிணைசலில் இருக்கட்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளிதான் உங்கள் அளவுகோல். வேலை தொடங்கும் முன் அந்த இடைவெளியைப் பல இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு கோண இரும்பை நான்கைந்து புள்ளி ஒட்டால் பூட்டலாம். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். இரண்டு பக்கச் சில்லையும் ஒன்றாக வெட்டிய கார் வாழைப்பழம்போல் வளைந்து நிற்பதை நான் வேறொரு வீட்டில் பார்த்திருக்கிறேன். அதை நேராக்க அதற்குப் பிறகு யாராலும் முடியவில்லை.

குறுக்குப் பெட்டி முதலில், தரை அடுத்து, சில் கடைசி. ஒட்டும்போது ஒரே கோடாக இழுக்கக்கூடாது. ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் தூரத்தில், ஆறவிட்டு மறுபடி. ஒவ்வொரு சுற்றுக்கும் கதவை மூடிப் பார்க்க வேண்டும். மாலையில் எங்கள் பக்கத்தில் மின்னழுத்தம் விழும். அந்த நேரத்தில் போடும் ஒட்டு மேலே அழகாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. ஆகையால் பாரம் தாங்கும் ஒட்டுகளைக் காலையிலேயே போட்டேன்.

நெளிந்த தகட்டைச் சுருக்க ஐயா செய்து காட்டியது பழைய முறை. புடைத்த இடத்தின் நடுவில் ஒரு சதமளவு புள்ளியைச் சிவக்கச் சூடாக்கி, கீழே டொலி வைத்துச் சுற்றிவர மெல்ல அடித்து, உடனே ஈரச் சாக்கால் ஒற்றுவது. தகடு சுருங்கி இழுத்துக்கொள்ளும். ஐந்தாறு புள்ளிகளில் பொனற் நேரானது. மைனரின் பொனற்றில் நடுவே ஒரு தட்டையான பட்டை ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். இசிகொனிஸ் கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி 4 அங்குலம் அகலமாக்கியதன் அடையாளம் அது. பட்டியைப் பூசி அதை மறைத்துவிடுபவர்கள் உண்டு. அந்தப் பொனற்றைப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு பட்டி இருக்கும் என்று கணக்கிடலாம்.

தகட்டுப் பாகங்கள் பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. இலண்டனில் உறவினர் இருந்தால் சில், குறுக்குப் பெட்டியின் முனை, கதவு இறப்பர் போன்றவற்றைப் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் செய்யலாம். எங்களுக்கு இறப்பர் அப்படித்தான் வந்தது. கதவு, மட்காட், பம்பர் போன்ற பெரிய பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலையலாம்.

செல் துண்டு துளைத்த இடங்கள்

எங்கள் காரில் பதினொரு துளைகள். கூரையில் ஐந்து, வலப்பக்கப் பின் மட்காட்டில் ஆறு. இவற்றை அடைப்பதா விடுவதா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. அடையாளத்தை அழிக்கக்கூடாது என்றார் தம்பி. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு ஏற முடியாது என்றார் பெரியம்மா.

தகட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் செல் துண்டின் துளை ஆணி அடித்த துளை போன்றதல்ல. ஓரம் உள்நோக்கிக் கிழிந்து, சுற்றிவரத் தகடு இழுபட்டு மெலிந்திருக்கும். பெயின்ற் உதிர்ந்த வட்டத்தில் கறள் வேர்விட்டிருக்கும். பட்டியால் அடைத்தால் ஒரு மாரியில் விழும். மெலிந்த பகுதி முழுவதையும் வட்டமாக வெட்டி, அதே அளவு தகட்டை வட்டமாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்ட வேண்டும். சதுரமாக வெட்டினால் மூலைகளில் வெடிக்கும். துண்டு உள்ளே தங்கியிருந்தால் எடுத்துவிட வேண்டும். சில்லுக்குள் தூணுக்குள் விழுந்து கிடக்கும் துண்டு ஈரத்தைப் பிடித்துவைத்து அந்த இடத்தையும் தின்னும். எங்கள் தூண் ஒன்றிலிருந்து இரண்டு துண்டுகள் வந்தன.

கூரையில் விட்டால் தண்ணீர் இறங்கும் என்பதால் அங்கே தெரிவு இருக்கவில்லை, ஐந்தையும் ஒட்டினேன். மட்காட்டுக்கு மைனரே வழி வைத்திருந்தது. நான்கு மட்காட்டுகளும் போல்ற்றால் பூட்டப்பட்டவை. துளைபட்டதைக் கழற்றி, கறள் பரவாமல் மட்டும் செய்து, வேறொரு பழைய மட்காட்டை வாங்கிப் பூட்டினோம். கழற்றியது கொட்டிலுக்குள் இருக்கிறது. தம்பிக்கும் பெரியம்மாவுக்கும் அதில் சம்மதம்.

கறள், பட்டி, பெயின்ற்

1950களின் பெயின்றில் ஈயம் இருந்தது. காய்ந்த தகட்டைக் கிரைண்டரால் உரசித் தூளாக்கி முற்றத்தில் பறக்கவிடுவது பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் கேடு. தண்ணீர் விட்டு உரசி, கழுவிய சேற்றைக் கிணற்றுப் பக்கம் போகவிடாமல் குழியில் சேர்க்க வேண்டும். பிரேக் கட்டைகளின் தூளை ஊதித் துடைக்கவே கூடாது, அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம்.

பிணைசல், தாங்கி, கைபிடி போன்ற சிறு பாகங்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு. பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீரும் சலவைச் சோடாவும் கரைத்து, பற்றறி சார்ஜரின் எதிர்முனையைக் கறள் பிடித்த பாகத்திலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் பூட்டி விட்டால் ஓர் இரவில் கறள் கழன்றுவிடும். நேர்முனையில் ஒருபோதும் எவர்சில்வர் வைக்கக்கூடாது, நச்சுக் குரோமியம் கரையும். ஐதரசன் வாயு வருவதால் வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். பெரிய தகடுகளில் மேலோட்டமான கறளுக்குப் பொஸ்போரிக் அசிட் பூசலாம். பிறகு கழுவி உலர்த்த வேண்டும். கறளுக்கு மேல் நேரே அன்ரிகொரோசிவ் அடித்தால் நின்றுவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கேற்றில் இரண்டு வருடம் நிற்கும். காரில் அடுத்த மாரிக்குக் கொப்புளிக்கும்.

பட்டி, கடையில் கற்றலோய் என்று கேட்டு வாங்குவது, கெட்ட பொருளல்ல. நல்ல தகட்டின் மேல், 3 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் போட்டால் வேலையைச் செய்யும். அது ஈரத்தை உறிஞ்சும். ஆகவே பூசி உரசிய பிறகு நாட்கணக்கில் திறந்து விடாமல் பிரைமரால் மூட வேண்டும்.

பெயின்றுக்கு முந்திய கடைசிக் கழுவலுக்குக் கிணற்று நீரைப் பாவிக்காதீர்கள். வன்னியில் பல கிணறுகளின் நீர் கல்நீர், கரையோரத்தில் உவர். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத உப்பு தகட்டில் தங்கி, ஆறு மாதத்தில் பெயின்றுக்கு அடியில் கொப்புளமாக எழும். சேமித்த மழைநீரால் கழுவுங்கள்.

காலம் மிக முக்கியம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி, தகட்டைத் திறந்து வைக்கவே முடியாது. வைகாசியிலிருந்து சோளகக் காற்று, செம்மண் புழுதி ஈரப் பெயின்றில் வந்து படியும். மாசியிலிருந்து சித்திரை வரை காற்று அடங்கியிருக்கும். அந்த நாட்களிலும் பனி முற்றாக விலகிய பிறகே அடிக்கலாம், ஈரக் காற்றில் அடித்த என்.சி. பெயின்ற் வெள்ளை பூத்துவிடும்.

வீட்டில் அடிப்பவர்களுக்கு என்.சி. பெயின்றே என் பரிந்துரை. பல தடவை அடித்து, பல தடவை உரசி, மினுக்க வேண்டும், நேரம் கேட்கும். இரண்டு கூறுகளைக் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ற் ஒரே நாளில் கண்ணாடிபோல் வரும். ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் சுவாசப்பைக்குள் போனால் வாழ்நாள் ஆஸ்துமாவைத் தரக்கூடியது. துணி முகக்கவசமும் சாதாரண மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயால் தரும் கவசம் வேண்டும். டூ-கேதான் வேண்டுமென்றால் அதற்கென அறை வைத்திருக்கும் இடத்துக்குக் காரைக் கொண்டுபோங்கள்.

நிறம் தெரியாதவர்கள் டாஷ்போர்ட்டுக்குப் பின்னாலும் கதவின் உள்அட்டைக்குப் பின்னாலும் பாருங்கள், மறு பெயின்ற் அங்கே போயிருக்காது. எங்கள் கார் வெள்ளை என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம். அட்டையைக் கழற்றியபோது உள்ளே வெளிர்பச்சை. பதிவுப் புத்தகத்தில் வெள்ளை என்று இருந்ததால் வெள்ளையே அடித்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு செய்யும் வேலை ஒன்று மிச்சம். கதவுகளின் அடியிலும் சில்லிலும் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும், பெயின்ற் அவற்றை அடைத்திருக்கும். ஒவ்வொன்றையும் கம்பியால் திறந்துவிட வேண்டும். பிறகு சில், குறுக்குப் பெட்டி, தூண் ஆகியவற்றின் உட்புறத்துக்குள் மெழுகு கலந்த ஒயிலைக் குழாய் விட்டுப் பீச்ச வேண்டும். இதை வருடத்துக்கு ஒரு தடவை, மாரி தொடங்கும் முன் புரட்டாதியில் செய்கிறேன். ஒயில் துளைகளால் சொட்டி முற்றம் இரண்டு நாள் அழுக்காகும். பெரியம்மா அங்கே ஒரு பழைய சாக்கை விரித்துவிடுவார்.